நீலக்கல்லும் நில உயிரும்

இம்முறை நம் குடும்பப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கல். முன்னாளில் நம் இல்லங்களின் கண்ணாடி அலமாரிகளில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும், கடற்கரையில் பொறுக்கிய சங்கும் சிப்பியும் வீற்றிருந்தன. இன்று அவ்விடத்தில் மெருகேற்றிய நீலக்கல் வந்து அமர்ந்திருக்கிறது. முட்டை வடிவில் ஒன்று, கோபுர வடிவில் ஒன்று, குறுக்கே அறுத்த வட்டத் தகடாக ஒன்று எனப் பல உருவங்களில் அது விற்கப்படுகிறது. "இயற்கையின் அழகு இல்லத்திற்கு" என்று சொல்லியே அதனை விற்கின்றனர். புதுமனை புகுவிழாவிற்கும் திருமணத்திற்கும் அன்பளிப்பாகவும் அளிக்கின்றனர். இக்கல் யாது, அதன் நீலம் எங்கிருந்து வந்தது, அதனை வாங்குவதும் வைத்திருப்பதும் சிராவக ஒழுக்கத்திற்குப் பொருந்துமா என்னும் மூன்றையும் முறையாக ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

வீட்டிற்கு வந்த கல்

அருப்புக்கோட்டையில் நம் மகன் புதுவீடு கட்டிக் குடிபுகுந்தபோது, சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் உள்ளங்கை அளவுள்ள நீலக்கல் ஒன்றைப் பரிசளித்தார். ஆழ்ந்த நீலம், நடுவே சாம்பல் நிற நரம்புகள், கைப்பட்டால் வழுக்கும் மெருகு. உடன் இருந்த சிறு அட்டையில் 'இயற்கை லாபிஸ் லசூலி' என்று அச்சிட்டிருந்தது. அதனை வைத்தால் பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் கூடும் என்றும் அதில் எழுதியிருந்தது. நேமிநாத பகவானின் திருமேனி நீலநிறம் என்று ஆகமம் கூறுதலின், நம் மருமகள் அக்கல்லைப் பூசை அலமாரியில் பகவானின் திருவுருவப் படத்தின் அருகே வைத்தாள். நாமும் அதனைத் தடுக்கவில்லை.

மகாவீர ஜெயந்திக்கு முதல் நாள் வீடு கழுவித் துடைக்கும் வேளையில், எட்டாம் வகுப்பில் பயிலும் நம் பேத்தி அக்கல்லையும் வெந்நீரில் சோப்பு இட்டுக் கழுவினாள். சற்று நேரத்தில் கையில் கல்லோடு அடுக்களைக்கு ஓடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "பாட்டி, கல் அழுகிறது" என்றாள். கிண்ணத்து நீர் நீலமாக இருந்தது. கல்லின் ஒரு பக்கம் வெளுத்து, சுண்ணாம்பு போன்ற வெண்மை தெரிந்தது. தான் தவறு செய்துவிட்டதாக எண்ணி அவள் அஞ்சினாள். தவறு அவளுடையது அன்று. சாயம் ஏற்றிய வெள்ளைக் கல் ஒன்று, இல்லாத பெயரைச் சுமந்து நம் பூசை அலமாரி வரை வந்துவிட்டது. அன்றிரவே அவளை அருகில் அமர்த்தி நாம் நடத்திய பாடமே இங்குக் கட்டுரையாக விரிகிறது.

நீலம் பிறக்கும் வழிகள்

கல்லில் நீலம் பல வழிகளில் தோன்றுகிறது. இந்திரநீலம் எனப்படும் நீலமணி குருந்தம் என்னும் கனிமத்தின் ஒரு வகை. தூய குருந்தத்திற்கு நிறம் இல்லை. அதனுள் இரும்பும் டைட்டானியமும் நுண்ணளவில் கலந்தபோது நீலம் உண்டாகிறது. அசுரைட் என்னும் கல்லில் நீலத்திற்குக் காரணம் செம்பு. லாப்ரடோரைட் என்னும் கல்லிலோ நிறப்பொருள் காரணம் அன்று. அதனுள் அடுக்கடுக்காக அமைந்த மெல்லிய படலங்களில் ஒளி மோதிச் சிதறுவதால், கல்லைத் திருப்பும்போது மட்டும் மயில்கழுத்து நீலம் மின்னி மறைகிறது.

லாபிஸ் லசூலி என்பது வடமொழியில் இராஜாவர்த்தம் எனப் பெயர் பெற்றது. அது தனிக் கனிமம் அன்று. பல கனிமங்கள் சேர்ந்த பாறை. லாசுரைட் என்னும் கனிமம் நீலத்தைத் தருகிறது. கால்சைட் வெண்கோடுகளைத் தருகிறது. பைரைட் பொற்றுகள் போன்ற புள்ளிகளைத் தருகிறது. லாசுரைட்டின் நீலத்திற்குக் காரணம் மூன்று மூன்றாகப் பிணைந்து நிற்கும் கந்தக அணுக்கள். ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் மலைநாட்டில் சாரே சங் என்னுமிடத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக இக்கல் தோண்டப்படுகிறது. சிந்துவெளி மக்களும் இதனை அறிந்திருந்தனர். இதனை அரைத்தெடுத்த வண்ணமே அல்ட்ராமரைன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அது பொன்னுக்கு நிகரான விலை பெற்றது. பிரான்சு நாட்டின் கிமே என்பவர் 1820களில் அதே நீலத்தைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டார். அதன்பின் அதன் விலை சரிந்தது. நம் வீட்டு வெள்ளை வேட்டிக்கு இடும் சலவை நீலத்தூள் அந்தச் செயற்கை அல்ட்ராமரைனே ஆகும். மன்னர் தேடிய நீலம் இன்று மளிகைக் கடைப் பொட்டலத்தில் கிடைக்கிறது என்று சொன்னபோது நம் பேத்தி வியந்தாள்.

இனி, கடைகளில் மிகுதியாகக் காணப்படும் நீல அகேட் தகடுகளைப் பார்ப்போம். அகேட் என்பது சிலிக்காவின் நுண்படிக வகை. இயற்கையில் அது பெரும்பாலும் சாம்பல், வெள்ளை, பழுப்பு நிறங்களில் கிடைக்கிறது. கண்ணைப் பறிக்கும் கடும் நீலத் தகடுகள் ஏறத்தாழ அனைத்தும் சாயம் ஏற்றியவை. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே இக்கலை வளர்ந்துவிட்டது. கல்லை முதலில் பொட்டாசியம் பெர்ரோசயனைடு கரைசலில் பல நாள் ஊறவைத்து, பின்னர் இரும்பு உப்புக் கரைசலில் இடுவர். கல்லின் நுண்துளைகளுக்குள் இரண்டும் கூடிப் பிரஷ்ய நீலம் என்னும் நிறப்பொருள் பிறக்கும். நெசவாளர் நிறைந்த அருப்புக்கோட்டையில் இதனை விளக்குவது எளிது. நூலுக்கு ஏற்றும் கெட்டிச்சாயம் போன்றது இது, கழுவினாலும் போகாது. நம் வீட்டிற்கு வந்ததோ மட்டச்சாயம். ஹௌலைட், மாக்னசைட் போன்ற நுண்துளை மிகுந்த வெள்ளைக் கற்களில் மேலோட்டமாக ஏற்றிய நிறம் வெந்நீருக்கும் நிற்பதில்லை.

சாயம் ஏற்றுவது தானே குற்றம் என்று நாம் கூறவில்லை. சாயச் சேலையைச் சாயச் சேலை என்று விற்பதில் பழுது இல்லை. சாயமிட்ட கல்லை 'இயற்கை' என்று விற்பதே பொய். அப்பொய்யை வாங்கி நாம் பிறருக்குப் பரிசாக அளிக்கும்போது, அறியாமலே அதன் தூதர் ஆகிறோம்.

சோதித்தறியும் முறை

தாய்மார்களும் மாணவரும் வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனைகள் சிலவற்றை இங்குத் தருகிறோம். கல்லின் அடிப்பக்கத்திலேயே இவற்றைச் செய்க.

முதலாவது, துடைத்தல். வெள்ளைப் பஞ்சில் நகப்பூச்சு நீக்கும் திரவத்தைச் சிறிது தோய்த்துத் துடைத்தால், மேலோட்டமான சாயம் பஞ்சில் ஒட்டும். கெட்டிச்சாயம் ஒட்டாது. ஆதலின் பஞ்சு வெள்ளையாக இருப்பது ஒன்றே சான்று ஆகாது.

இரண்டாவது, உருப்பெருக்கியால் நோக்குதல். வெடிப்புகளிலும் துளைகளிலும் நிறம் அடர்ந்து, ஏனைய இடத்தில் வெளிறியிருப்பின் அது சாயம் ஊறியதற்கு அடையாளம். உள்ளே உருண்டைக் காற்றுக்குமிழிகள் தெரியின் அது கல்லே அன்று, கண்ணாடி.

மூன்றாவது, உரைத்தல். குளியலறை ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் கல்லின் ஓரத்தை உரைத்தால் கோடு விழும். லாபிஸ் வெளிர்நீலக் கோடு இடும். அதனைப் போலவே தோன்றும் சோடலைட் வெண்கோடே இடும்.

நான்காவது, கீறுதல். கனிமங்களின் கடினத்தை ஜெர்மானிய அறிஞர் மோஸ் 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். கால்சைட் 3, குவார்ட்சு 7, குருந்தம் 9, வைரம் 10. செப்புக் காசின் கடினம் ஏறத்தாழ 3.5, எஃகுக் கத்தியின் கடினம் ஏறத்தாழ 5.5. ஆகவே நீலக் கால்சைட்டைச் செப்புக் காசே கீறிவிடும்; அகேட்டை எஃகுக் கத்தியும் கீறாது. இது கல்லுக்கு ஊறு செய்யும் சோதனையாதலின், ஏனைய மூன்றும் தெளிவு தராதபோது மட்டுமே செய்யத்தக்கது.

நோய் தீர்க்கும், கவனம் கூட்டும் என்னும் அட்டை வாசகத்தைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டா. கல்லை அருகில் வைப்பதால் நோய் தீரும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. படிப்பில் கவனம் படிப்பதனால் வருவது. இதனை ஆசிரியப் பணியில் முதிர்ந்த நாம் உறுதியாகவே கூறலாம்.

கல்லுக்கு உயிர் உண்டோ?

சோதனைகள் முடிந்தபின் பேத்தி ஒரு வினா எழுப்பினாள். "பாட்டி, இது பொய்க்கல் என்பது நல்லதுதானே? உண்மையான நீலக்கல்லுக்காக மலையை உடைத்திருக்க மாட்டார்களே?" என்றாள். நல்ல வினாதான், ஆயினும் விடை அவள் எண்ணியவாறு அமையவில்லை. நீலம்தான் பொய், கல் பொய் அன்று. அவ்வெள்ளைக் கல்லையும் யாரோ ஒருவர் நிலத்தைத் தோண்டியே எடுத்தார். யாரோ ஒருவர் அறுத்து மெருகிட்டார். இவ்விடத்தில் நமக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பயிற்சி மாணவியருடன் திருச்சுழிப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றுக்கு மாதிரிப் பாடம் காணச் சென்றிருந்தோம். சுற்றிலும் கரிசல் காடு. பருத்தியும் மிளகாயும் கொத்தமல்லியும் விளையும் மானாவாரி நிலம். மாணவி கரும்பலகையை இரண்டாகப் பிரித்து 'உயிருள்ளவை', 'உயிரற்றவை' என எழுதினாள். 'உயிரற்றவை' என்பதன்கீழ் முதற்சொல் 'கல்'. கல்லுடைக்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து, "டீச்சர், மலைல இருக்கும்போதும் கல்லு செத்துத்தான் கெடந்துச்சா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. மாணவி திகைத்து நம்மைப் பார்த்தாள். நாம், "புத்தகத்தில் உள்ளதைச் சொல்லி மேலே செல்" என்று சைகை காட்டினோம். சிறுவன் அமர்ந்துவிட்டான். பிறப்பால் சமணராகிய நாம், நம் ஆகமம் விரிவாக விடை கூறும் ஒரு வினாவை அன்று வாய்மூடச் செய்தோம். அது இன்றளவும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

அறிவியல் பாடம் கல்லை உயிரற்றது என்பதற்குக் காரணம் உண்டு. உணவு கொள்ளுதல், வளர்தல், இனம் பெருக்குதல் முதலிய அடையாளங்களை வைத்தே அது உயிரைப் பிரிக்கிறது. அவ்வளவையில் அது சரியே. நம் ஆகமம் வேறோர் அளவையில் பேசுகிறது. தத்துவார்த்த சூத்திரம் இடம்பெயராத ஓரறிவுயிர்களை நிலம், நீர், தீ, காற்று, தாவரம் என ஐந்தாகக் கூறுகிறது. தொடு உணர்வு ஒன்றே உடையவை இவை. அவற்றுள் நிலத்தையே உடலாகக் கொண்ட உயிர் பிருதிவிகாயிக ஜீவன். சர்வார்த்தசித்தி உரையில் பூஜ்யபாதர் இதனை நான்காகப் பகுத்துக் காட்டுகிறார். பொதுவாக நிலம் எனப்படுவது பிருதிவி. உயிர் நீங்கிய நில உடல் பிருதிவிகாயம். உயிர் தங்கிய நில உடலை உடையது பிருதிவிகாயிகம். நில உடலை எடுக்கச் சென்றுகொண்டிருக்கும் உயிர் பிருதிவி ஜீவன்.

மூலாசாரம் நிலத்தின் வகைகளை 36 என விரித்துரைக்கிறது. மண்ணும் மணலும் பாறையும் உப்பும் மட்டுமல்ல. இரும்பும் பொன்னும், கோமேதகமும் படிகமும் வைடூரியமும் அவ்வரிசையில் நிற்கின்றன. மென்னிலத்து உயிர்க்கு உச்ச ஆயுள் 12,000 ஆண்டு, வன்னிலத்து உயிர்க்கு 22,000 ஆண்டு எனவும் கூறுவர். அச்சிறுவனின் வினாவுக்கு ஆகம வழியில் விடை இதுவே: மலையில் இருக்கும் கல் நில உயிரின் உடல்; வெட்டி, அறுத்து, மெருகிட்டு அலமாரிக்கு வந்த கல் உயிர் நீங்கிய உடல். இரு அளவைகளையும் கலவாமல் இன்னது அறிவியல், இன்னது ஆகமம் எனப் பெயரிட்டுச் சொன்னால் குழந்தை குழம்பாது. அநேகாந்தம் கற்ற நாம் இதற்குத் தயங்க வேண்டியதில்லை.

பயனுள்ளதும் பயனற்றதும்

அங்ஙனமாயின் கல்லைத் தொடவே கூடாதோ என்று அன்பர்கள் வினவலாம். இல்லறத்தார்க்கு அஃது இயலாது. ஆகமமும் அவ்வாறு விதிக்கவில்லை. நம் மகனின் வீட்டுச் சுவரிலேயே சிமெண்ட் இருக்கிறது. அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடியில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆக்கவே செல்கிறது. வீடு, கிணறு, அடுப்பு, உழவு இவற்றில் நேரும் ஊறு ஆரம்ப ஹிம்சை எனப்படும். இல்லறத்தான் அதனை முற்றும் துறத்தல் இயலாது. குறைக்க மட்டுமே இயலும்.

ஆனால் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்ததண்ட விரதத்தை விளக்குமிடத்து, பயனற்ற தீங்கை ஐந்தாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றாகப் பிரமாதசரியையை வைக்கிறார். பயனின்றி நிலத்தையும் நீரையும் தீயையும் காற்றையும் அலைக்கழித்தலும், பயனின்றிச் செடிகொடிகளை வெட்டுதலும் அதன்பாற்படும். அந்நூலின் வழிவந்ததே நம் இல்லங்களில் ஓதப்படும் அருங்கலச்செப்பு. தீமை பெரிதா சிறிதா என்று மட்டும் கேளாது, 'பயன் உண்டா?' என்று கேட்பதே இவ்விரதத்தின் தனிச்சிறப்பு.

இங்கு ஒரு தடை எழலாம். அழகும் ஒரு பயன் அன்றோ? சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் தாமரைப் பொய்கை ஓவியத்தில் நம் முன்னோரும் நீலம் தீட்டினரே. அவ்வண்ணங்களை ஆராய்ந்தோர் அந்நீலத்தை லாபிஸ் வகை அல்ட்ராமரைன் என்றே குறித்தனரே என்று கேட்கலாம். பள்ளிமடத்தை அடுத்த நம் திருச்சுழி வட்டாரத்திலேயே, வெண்பு நாட்டுக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் புகழ்பெற்ற சமணப்பள்ளி இருந்தது. அப்பள்ளியின் ஆசிரியர், மாணாக்கர் பெயர்கள் மதுரைக்கு அருகே சமணர்மலையில் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அங்குப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் செதுக்கப்பட்டுள்ளன. அவையெல்லாம் நிலத்திற்குச் செய்த ஊறுதானே?

ஊறுதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பயனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சிறு அளவு நீலம் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக, வருவோர் அனைவர்க்கும் பொதுவாக நின்று, சமவசரணத்தை நினைவூட்டுகிறது. பாறையில் வெட்டிய பெயர் ஓர் ஆசிரியரையும் அவர் மாணாக்கரையும் அழியாமல் காக்கிறது. நம் அலமாரிக் கல்லோ மூன்றாம் மாதம் நம் கண்ணுக்கே தெரிவதில்லை. தூசி துடைக்கும் நாளில்தான் நினைவுக்கு வருகிறது. பின்னர் இன்னொரு வடிவம், இன்னொரு நிறம் என்று மனம் நாடுகிறது. அழகை வெறுப்பது அறம் அன்று. வாசலில் இட்ட மாக்கோலம் அழகுதான், எறும்புக்கும் உணவாகிறது. மறந்து போவதற்காக வாங்கும் அழகையே பயனற்றது என்கிறோம்.

துகள் யார் மூச்சில் செல்கிறது?

இதுவரை ஓரறிவுயிரைப் பற்றிப் பேசினோம். இனி ஐயறிவும் மனமும் உடைய மனித உயிருக்கு வருவோம். இப்பாடத்தின் உயிர்நாடி இப்பகுதியே.

கல் தானாக மெருகு பெறுவதில்லை. அறுத்து, சக்கரத்தில் தேய்த்து, மேன்மேலும் நுண்ணிய பொடியால் துலக்கவேண்டும். தேய்க்கும்போது கல்துகள் எழுகிறது. அகேட், சூதுபவளம் முதலியவை சிலிக்காவால் ஆனவை. அவற்றின் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, அங்குத் தழும்பை உண்டாக்குகிறது. அந்நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்கு மீட்கும் மருந்து இல்லை. காசநோயும் அவர்களை எளிதில் பற்றுகிறது. முதலில் இருமல், பின் நடந்தால் மூச்சிரைப்பு, அதன்பின் அமர்ந்திருந்தாலே மூச்சிரைப்பு.

குஜராத் மாநிலத்தின் காம்பத் நகரம் அகேட் கல்வேலைக்குத் தொன்றுதொட்டுப் பெயர் பெற்றது. நர்மதைப் பக்கத்து ரத்தன்பூர்ச் சுரங்கக் கற்கள் அங்கு வந்து மணியாகவும் கிண்ணமாகவும் அலங்காரப் பொருளாகவும் உருப்பெறுகின்றன. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் காம்பத் தொழிலாளரை ஆராய்ந்து, அவர்களிடையே சிலிகோசிஸ் பரவியிருப்பதை வெளிப்படுத்தியது. அங்கு வேலை பெரும்பாலும் வீட்டு முற்றத்திலும் சிறு கொட்டகையிலும் நடைபெறுவதால், சக்கரத்தைத் தொடாத மனைவி மக்களும் அண்டை வீட்டாரும் அத்துகளைச் சுவாசிக்க நேர்கிறது. துகளை உறிஞ்சி வெளியேற்றும் கருவிகளையும் அந்நிறுவனம் வடிவமைத்துத் தந்தது. நீர் ஊற்றி ஈரமாகத் தேய்த்தாலும் துகள் பெரிதும் அடங்கும். ஆகவே இந்நோய் தடுக்கத்தக்கது. தடுக்கும் செலவை யார் ஏற்பது என்பதில்தான் சிக்கல். வாங்குபவர் மலிவைத் தேடும்போது, தேய்ப்பவரின் மூச்சில் அச்செலவு கழிக்கப்படுகிறது.

உண்மை லாபிஸின் கதையும் துயரம் கலந்ததே. பதக்‌ஷான் சுரங்க வருவாய் ஆயுதக் குழுக்களுக்குச் சென்றதைக் குளோபல் விட்னஸ் அமைப்பு 2016இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டது. போலி வேண்டா, உண்மையான கல்லே வேண்டும் என்று கூடுதல் விலை கொடுத்தாலும், கொல்லாமையின் கணக்கு தானே நேராகிவிடாது என்பதற்கு இது சான்று.

வடிகட்டாத நீரைப் பருகோம், இரவில் உண்ணோம், கிழங்கை விலக்குவோம். கண்காணா உயிர்க்கும் இரங்கும் இவ்வளவு நுண்ணிய ஒழுக்கத்தைக் கட்டிக் காத்த சமுதாயம், ஒரு மனிதனின் மூச்சை அடைத்து வந்த பளபளப்பைப் பூசை அலமாரியில் வைத்துக் கும்பிடுவது பொருந்துமா? இவ்வினாவைப் பிறரிடம் கேட்பதற்கு முன் நாம் நம்மிடமே கேட்டுக்கொண்டோம். அக்கல் அங்கு இருந்த நாளெல்லாம் தினமும் அதன்முன் விளக்கேற்றியவர் நாமே.

இனிச் செய்யத்தக்கவை

ஒன்று: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கல்லை வீசி எறிய வேண்டா. எறிவதால் எடுத்த ஊறு திரும்பாது. அதனைக் காகிதம் பறக்காமல் வைக்கவோ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவோ பயன்படுத்துக. பயனற்றதற்குப் பயன் அளிப்பதும் ஒரு பிராயச்சித்தமே.

இரண்டு: இரண்டாவது கல்லை வாங்காதிருக்க உறுதி கொள்க. பரிக்கிரக பரிமாண விரதத்தில் நிலம், வீடு, பொன், தானியம் என்று எல்லை வகுக்கும்போது அலங்காரப் பொருளுக்கும் ஓர் எண்ணிக்கை வைக்கலாம்.

மூன்று: வாங்கியே தீரவேண்டிய நிலையில், கல்லின் பெயர் என்ன, சாயம் ஏற்றியதா, எங்கே மெருகிட்டது என்னும் மூன்றையும் கடைக்காரரிடம் கேட்டு, பெயரையும் சாயத்தையும் ரசீதில் எழுதி வாங்குக. கேட்பவர் பலரானால் விடை சொல்லும் பழக்கம் கடைக்கும் வரும்.

நான்கு: புதுமனைக்கும் திருமணத்திற்கும் நூல்களைப் பரிசளிக்கலாம், அது சாத்திர தானம் ஆகும். அல்லது அத்தொகையை நோயுற்ற ஏழைத் தொழிலாளர் ஒருவரின் மருந்துக்கு அளித்து, அதனை மணமக்கள் பெயரால் அறிவிக்கலாம். அது ஔடத தானம் ஆகும்.

ஐந்து: நம் சமுதாயத்தவர் எவரேனும் கல், மணி வணிகத்தில் இருப்பின், ஈரமாகத் தேய்க்கும் பட்டறையில் மட்டுமே சரக்கு எடுப்பதென உறுதி கொள்ளுமாறு அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

ஆறு: குழந்தை கல்லை விரும்பினால் அதனை அதட்ட வேண்டா. திருச்சுழியில் குண்டாற்று மணலில் நீர் வற்றிய காலத்தில் நடந்து சென்று, கிடக்கும் கூழாங்கற்களை எடுத்துப் பார்த்து, நிறம் கூறி, கடினம் உணர்ந்து, எடுத்த இடத்திலேயே வைத்து வரச் செய்க. பார்த்து மகிழ்ந்து விட்டு வருவதைச் சிறு வயதிலேயே பழகிய பிள்ளைக்கு அபரிக்கிரகத்தைப் பின்னர் விளக்குவது எளிது.

நம் வீட்டுக் கல் இப்போது பேத்தியின் படிக்கும் மேசையில் இருக்கிறது. பாதி நீலம், பாதி வெள்ளை. பழைய அட்டையை அவள் எடுத்துவிட்டு, தன் கையால் வேறோர் அட்டை எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'சாயமிட்ட வெள்ளைக்கல். நிலத்திலிருந்து வந்தது. ஒருவர் தேய்த்தது.' மூன்று வரியில் அவள் எழுதியதை நாம் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்.

குடும்பத்தோடு சிந்திக்க வினாக்கள்

1. பிருதிவிகாயம், பிருதிவிகாயிகம் இவற்றின் வேறுபாடு யாது? மலைக்கல்லும் அலமாரிக் கல்லும் எவ்வெவ்வகையின?

2. ஆரம்ப ஹிம்சைக்கும் அனர்த்ததண்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுப் பொருள்கள் இரண்டைக் கொண்டு விளக்குக.

3. லாபிஸ், சோடலைட், சாயமிட்ட அகேட் ஆகிய மூன்றையும் எங்ஙனம் பிரித்தறிவீர்?

4. நம் வீட்டு அலமாரியில் கடந்த ஓராண்டாக எவரும் நோக்காத பொருள்கள் எத்தனை? எண்ணி எழுதுக. இவ்வினாவிற்குப் பெரியோர் முதலில் விடை கூறுக.